வெள்ளைப் பூ மெடிக்கலுக்கு

ஒண்ணே ஒண்ணுதான்க்கா. பொண்ணு. அமெரிக்காவுலயே பெறந்தவ. வர்ற ஆவணிக்கு இருவத்தொண்ணு முடியுது.

என்ன படிக்குதுன்னு கேட்டீக பாருங்க, இந்தக் கேள்விய யாராச்சும் கேக்க மாட்டாகளான்னு மூணு வருசமாக் காத்துக் கெடந்தவ நான். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா, அவுக கேக்காட்டியும் நானே பேச்ச வளச்சு அந்த எடத்துல கொண்டுபோயி நிறுத்துவேன். இன்னிக்குப் பாத்து நீங்களாக் கேக்கீக, எனக்கு வாய் வர மாட்டேங்குது. டாக்டருக்குத்தான்க்கா. டாக்டருக்குத்தான் படிக்கா. இருங்க, வெவரமாவே சொல்லிர்றேன். கோவில்பட்டி போக இன்னும் முக்கா மணி நேரம் ஆகுமுல்ல? அந்தப் பைய மடியில வச்சுக்கிட்டு செரமப்படாதீக, கீழ வைங்க, எங்காலுகிட்ட இருக்கட்டும்.

அங்க டாக்டருக்குப் படிக்கறது நம்ம ஊரு மாதிரி இல்லக்கா. பன்னெண்டு முடிச்சதும் நேராப் போயிர முடியாது. மொதல்ல ஏதாச்சும் ஒரு டிகிரி முடிக்கணும். அதுக்கப்புறம் ஒரு பரிச்ச, நேர்காணல், அது இதுன்னு ஆயிரம் பேரு வரிசையில நிப்பாக, கொஞ்சம் பேருக்குத்தான் கெடைக்கும். ஆனா சில காலேஜுல ரெண்டையும் சேத்தே குடுப்பாக. பள்ளிக்கூடம் முடிக்கும்போதே, டிகிரி மூணு வருசம், மெடிக்கல் நாலு வருசம், ரெண்டும் ஒனக்குத்தான்னு எழுதிக் குடுத்துருவாக. மார்க்கு கொறையாமப் பாத்துக்கிட்டாப் போதும். அந்தச் சீட்டு எம்மகளுக்குக் கெடச்சுது. நிரஞ்சனான்னு பேரு. நிருன்னு கூப்பிடுவோம்.

அது வந்த நாலாம் நாளு இன்னொரு லெட்டரு வருது. பெரிய காலேஜ்க்கா. பேரச் சொல்ல மாட்டேன், சொன்னா பீத்திக்கிடுறான்னு நெனப்பீக. அங்க புள்ளைக்கு எடம் கெடச்சா அப்பன் ஆத்தா கார்ல ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுத் திரிவாக, அப்பேர்ப்பட்ட காலேஜ். ஆனா அதுல டாக்டருக்கு உறுதி ஒண்ணும் கெடையாது. சும்மா டிகிரிதான், நாலு வருசம்.

அந்த லெட்டரப் பாத்துட்டு இவ குதிச்சா பாருங்க. சோபா மேல ஏறி நின்னு குதிச்சா. சரி, நானும் சந்தோசமாத்தான் கேட்டேன், "அங்க போயி என்னடி படிப்ப?"ன்னு.

"ஜியாலஜிம்மா."

"அப்படின்னா?"

"கல்லு, மண்ணு, மலை, பூமிக்குள்ள என்ன இருக்கு, எல்லாம்."

கல்லு! எங்க ஊர்ல குவாரியில கல்லு உடைக்கறவுகளுக்கெல்லாம் யாரு பாடம் நடத்துனா? நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல. சின்னதுல இருந்தே அவளுக்கு அந்தக் கிறுக்கு உண்டு. ஏழு வயசுல இங்க கூட்டிட்டு வந்தப்ப, எங்க தம்பி காட்டுல இருந்து கரிசல் மண்ண ஒரு கவருல அள்ளி, தலகாணி உறைக்குள்ள ஒளிச்சுவச்சுக் கொண்டுபோனா. அங்க ஏர்போர்ட்டுல பிடிச்சுக்கிட்டாக. மண்ணெல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாதாம். குப்பையில கொட்டச் சொன்னாக. அந்த எடத்துலயே உக்காந்து அழுதா. ஒரு பிடி மண்ணுக்கு!

நான் ஏன் டாக்டரு டாக்டருன்னு நின்னேன்னு நீங்க கேக்கலாம். நான் நிக்கல. அவ இஷ்டம்னுதான் சொன்னேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அவளுக்கு நாலு வயசா இருக்கும்போது எங்க வீட்டுக்காரவுகளுக்கு வேல போச்சு. காலையில கம்பியூட்டரத் தூக்கிட்டுப் போனவுக, பதினோரு மணிக்கு ஒரு அட்டப் பெட்டியோட வாசல்ல நிக்காக. வேல போனா விசா போச்சு, விசா போனா ஊரு போச்சு. சாமானெல்லாம் கட்டிப் போட்டுட்டு ஆறு வாரம் அந்தப் பெட்டிக மேலதான் உக்காந்து சாப்பிட்டோம். கடைசி நேரத்துல வேற எடத்துல வேல கெடச்சுது, அம்மன் புண்ணியம். இப்ப நான் ஒரு கிளினிக்குல வரவேற்புல வேல பாக்கேன். பதினாலு வருசமாப் பாக்கேன், எந்த டாக்டரும் அட்டப் பெட்டியோட வெளிய போயி நான் பாத்ததில்ல. அத்தன டாக்டருக, ஒருத்தரும் போனதில்ல. எம்மக அப்படி இருக்கணும்னு நெனச்சது தப்பா? நீங்களே சொல்லுங்க.

ஆனா நான் ஒரு வார்த்தை சொல்லலக்கா. சத்தியமா. பேசவே இல்லன்னா பாத்துக்கோங்க, பதினோரு நாளு. சமைச்சு வச்சுட்டு ரூமுக்குள்ள போயிருவேன். அவுக அப்பா சும்மா இருக்க மாட்டாம, "அவ ஆசப்படுறதப் படிக்கட்டுமே செண்பகம்"னாக. "நல்லாப் படிக்கட்டும், நான் வேணாம்னா சொன்னேன்?"னேன். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் அவுகளும் கராஜே கதின்னு போயிட்டாக. மெடிக்கல் சீட்டு கெடச்சதச் சொந்தக்காரங்க குரூப்புல மட்டும் போட்டேன். ஒரு தகவலுக்குத்தான். அதுல நாப்பது பேரு டாக்டரம்மா, டாக்டரம்மான்னு வாழ்த்துப் போட்டுட்டாக. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

மே ஒண்ணாந்தேதிக்குள்ள ஏதாச்சும் ஒண்ணுக்குச் சரின்னு சொல்லணும். நாலு நாளுதான் இருக்கு. அவ வந்து எம்பக்கத்துல உக்காந்தா. "அம்மா, ப்ளீஸ், பேசும்மா"ன்னா. மொகமெல்லாம் வாடிப்போயி இருந்துச்சு. எனக்கும் மனசு கேக்கல. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. "நானும் சொல்லல, நீயும் சொல்லாத. நம்ம அம்மன்கிட்ட பூப் போட்டுக் கேப்போம். அவ சொல்லட்டும்"னேன்.

ஒங்களுக்குத் தெரியாததா? ஒரு பொட்டலத்துல வெள்ளப் பூ, ஒண்ணுல செவப்பு. சன்னதியில போட்டு, வெவரம் தெரியாத ஒரு சின்னப் புள்ளைய விட்டு எடுக்கச் சொல்றது. எங்க குலதெய்வம் உச்சிமாகாளி. எங்க கல்யாணமே அப்படிக் கேட்டு முடிச்சதுதான். இவளுக்கும் அந்தக் கோயிலு ரொம்பப் பிடிக்கும், மொட்ட போட்டது, காது குத்துனது எல்லாம் அங்கதான்.

அவளே கணக்கு வச்சுக் கேட்டா. "செவப்பு காலேஜுக்கு, வெள்ள மெடிக்கலுக்கு. செவப்பு வந்தா நீ விட்டுருவியாம்மா? கோவிச்சுக்கிட மாட்டியே?"

"அம்மன் சொன்னதுக்கப்புறம் நான் யாருடி?"

"ப்ராமிஸ்?"

"சத்தியம்."

"அப்ப வெள்ள வந்தா நானும் போறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்." கையில அடிச்சுக் குடுத்தாக்கா. அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை. இங்க சாயங்காலம், அங்க காலையில. அவ பள்ளிக்கூடம் போயிட்டா. எந்தம்பி வேலாயுதம் கோயில்ல நின்னுக்கிட்டு வீடியோவுல கூப்பிட்டான். அவன் மக கனிஷ்கா, அப்ப எட்டு வயசு, அவதான் எடுக்கா. நான் குளிச்சு முழுகி, அடுப்படியில போன சாச்சு வச்சுக் கும்புட்டுக்கிட்டே நிக்கேன். பிள்ள எடுத்துக் குடுத்தா. பூசாரி பிரிச்சாரு.

செவப்பு.

ஆனா நான் ஒண்ணக் கவனிச்சேன்க்கா. அந்தப் புள்ள இடது கையால எடுத்துச்சு. இடது கையால எடுக்கலாமா? சாமி காரியத்துக்கு யாராச்சும் இடது கைய நீட்டுவாகளா? "எலேய், இது செல்லாதுடா, மறுக்கப் போடச் சொல்லு"ன்னேன். பூசாரி மொணங்குனாரு. "ஒருக்காக் கேட்டா அம்மா சொல்லுவா, மறுக்கக் கேட்டா சலிச்சுக்கிடுவா தாயி"ன்னாரு. அவருக்கென்ன, அவரு பொண்ணா கல்லுடைக்கப் போகுது?

ரெண்டாவது போட்டாக. அந்த நேரம் பாத்து வீடியோ நின்னுபோச்சு. எந்தம்பி வாயத் தொறந்தபடிக்கு அப்படியே நிக்கான். திரும்ப வந்தப்ப, "செவப்புக்கா"ங்குறான். நான் பாக்கலையே! கண்ணால பாக்காதது எப்படிக்கா கணக்காகும்? கோயில்ல எத்தன சுத்து சுத்துறோம்? மூணு. முடிச்சு எத்தன போடுறாக? மூணு. எதுவுமே மூணாவதுதான் மெய்யி. மூணாவது போடச் சொன்னேன். பிள்ள வலது கையால எடுத்தா. வெள்ள! பூசாரி கையில அந்த நந்தியாவட்டையப் பாத்ததும் அடுப்படியிலயே விழுந்து கும்புட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவகிட்ட, "வெள்ள வந்திருக்கு கண்ணு"ன்னேன். அவ பைய எறக்காம அப்படியே நின்னா. "ஓகேம்மா"ன்னா. போயி அந்தப் பெரிய காலேஜுக்கு வரலன்னு எழுதிட்டு, மாடிக்குப் போயிட்டா. அவ ஜன்னல் திண்டுல அடுக்கி வச்சிருந்த கல்லையெல்லாம் அவளே ஒரு டப்பாவுல போட்டுக் கராஜுல கொண்டுபோயி வச்சா. நான் வைக்கச் சொல்லல.

மூணு வருசம் ஓடிப்போச்சு. மார்க்கெல்லாம் ஒசத்தி, கொறையே சொல்ல முடியாது. அதோட எவ்வளவு மாறிட்டாங்குறீக! முன்னாடியெல்லாம் எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு நிப்பா. இப்ப எதுக்கும் எதிர்ப்பேச்சே கெடையாது. ஓட்டலுக்குப் போனா, "என்ன சாப்பிடுறே?"ன்னு கேட்டா, "நீயே சொல்லும்மா"ங்குறா. ஒரு சட்ட எடுக்கணும்னாக்கூட ரெண்ட போட்டோ பிடிச்சு அனுப்பி, "எதும்மா?"ன்னு கேக்கா. இருவது வயசுப் பொண்ணு! எங்க கிளினிக்குல மத்தவளுகெல்லாம் எம்புள்ள என்னைய மதிக்கல, எம்புள்ள என்னைய மதிக்கலன்னு பொலம்புவாளுக. நான் இதச் சொல்லிக் காட்டுவேன். அவுக அப்பா மட்டும் ஒருநா, "அவ இப்பல்லாம் சிரிக்கிறதே இல்ல, கவனிச்சியா"ன்னாக. படிக்கிற புள்ள எந்நேரமும் ஈன்னு இளிச்சுக்கிட்டா இருக்கும்?

இப்ப தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத்தான் நான் மட்டும் வந்தேன். வந்த எடத்துல, போன செவ்வாய்க்கிழம போன் பண்ணுறா. அந்த மூணு வருச டிகிரி முடியுதாம். மெடிக்கலுக்குப் போறதுக்கு ஒரு பாரத்துல கையெழுத்துப் போடணுமாம், திங்கக்கிழமதான் கடைசி. போட்டா அடுத்த நாலு வருசம் மெடிக்கல். போடலன்னா டிகிரியோட வெளிய வந்துர வேண்டியதுதான்.

"போட வேண்டியதுதானடி, இதுல என்ன இருக்கு?"ன்னேன்.

"முடியலம்மா. பேனாவ எடுக்கேன், வைக்கேன். ஒரு வாரமா அதான் பண்ணிட்டு இருக்கேன்."

"பிடிக்கலையா?"

"தெரியல."

"அப்ப வேற என்ன பண்ணப் போற?"

"அதுவும் தெரியலம்மா." அழக்கூட இல்ல. ஏதோ யாரு வீட்டுச் சங்கதியோ மாதிரிச் சொல்றா. அப்புறம், "நீ ஊர்லதான இருக்க? அம்மன்கிட்ட மறுபடி கேட்டுச் சொல்லும்மா. நீ என்ன சொல்றியோ நான் அதப் பண்ணிர்றேன்"ங்குறா.

எனக்கு ஒரு பக்கம் பகீர்னாலும் ஒரு பக்கம் பெருமையா இருந்துச்சுக்கா. பாருங்க, அமெரிக்காவுல பெறந்த புள்ளைக்கு நம்ம தெய்வத்து மேல எம்புட்டு நம்பிக்கைன்னு எந்தம்பி பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். அவ பாத்திரத்த வெளக்கிக்கிட்டே இருந்தா.

இன்னிக்குக் காலையிலதான் போனோம், நானு, தம்பி, கனிஷ்கா. அவளுக்கு இப்ப பதினொண்ணு. பழைய கணக்குதான், வெள்ளன்னா கையெழுத்துப் போடணும், செவப்புன்னா வெளிய வந்துரணும். பூவ எங்கையால கட்டல. பூசாரியத்தான் கட்டச் சொன்னேன், ஒரு சொல்லு வந்துரக் கூடாது பாருங்க. பொட்டலத்த உருட்டிப் போட்டாரு. இந்தப் புள்ள கைய நீட்டாம என்னையப் பாத்துக் கேக்கா: "அத்த, இன்னிக்கு எத்தன தடவ எடுக்கணும்? மொதல்லயே சொல்லிருங்க."

சுருக்குன்னு இருந்துச்சு. பூசாரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "ஒரே தடவதான்டி, எடு"ன்னேன். என்னென்னமோ ஓடுதுக்கா மனசுல. செவப்பு வந்தா? வந்துட்டுப் போகட்டும், நான் ஏத்துக்கிடுவேன்னு மனசாரச் சொன்னேன். இது அந்த அம்மாவுக்குத் தெரியும். பிள்ள எடுத்தா. வலது கையாலதான் எடுத்தா.

வெள்ளக்கா. மொதத் தடவையே வெள்ள!

எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. பாத்தியா, அன்னிக்கு நான் செஞ்சதும் சரின்னு அம்மாவே சொல்லிட்டான்னு நெனச்சேன். கோயிலு வாசல்லயே நின்னு போனப் போட்டேன். அங்க ராத்திரி, ஆனா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா, ஒரே மணியில எடுத்துட்டா. "வெள்ள கண்ணு, வெள்ளதான் வந்திருக்கு!"ன்னேன்.

அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக்கா.

"எத்தனாவது தடவம்மா?"

"யாருடி சொன்னா?"ன்னேன்.

"கனிஷ்கா அன்னிக்கே, நான் ஸ்கூல்ல இருக்கும்போதே, மாமா போன்ல இருந்து சொல்லிட்டாம்மா. ரெண்டு தடவ ரெட் வந்துச்சுன்னு."

அன்னிக்கே! மே ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாளு கெடந்துச்சேக்கா. "தெரிஞ்சுக்கிட்டுமா அந்தக் காலேஜ வேணாம்னு எழுதுன? ஏன்டி எங்கிட்டக் கேக்கல?"

"மூணாவதும் ரெட் வந்திருந்தா நீ நாலாவது கேட்டிருப்ப. எனக்கு அதுக்கு மேல முடியலம்மா."

கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன். கோவமே இல்லக்கா அவ கொரல்ல. அதான் என்னையக் கொல்லுது. "பின்ன இப்ப ஏன் மறுபடி அம்மன்கிட்டக் கேக்கச் சொன்ன?"ன்னு கேட்டேன்.

"இந்தத் தடவயாச்சும் ரெட்டுன்னு சொல்லுவியான்னு பாத்தேன்."

தாயே! நான் என்னத்தச் சொல்ல? இந்தத் தடவ நெசமாவே வெள்ளதான வந்துச்சு! "சத்தியமா மொதத் தடவதான்டி, ஒரே தடவதான் எடுத்தோம், கனிஷ்காகிட்ட வேணாக் கேளு, மாமாகிட்டக் கேளு"ன்னு ரோட்டுல நின்னு கத்துறேன். போறவன் வர்றவனெல்லாம் பாக்கான். அவ, "சரிம்மா, சரிம்மா"ங்குறா, காச்சக்காரிய அமத்துற மாதிரி. சத்தியம் அன்னிக்கும் பண்ணவதான நானு.

"கையெழுத்துப் போட்டுர்றேன். நீ வெயில்ல நிக்காத"ன்னா.

"வேணாம், இரு. அம்மன விடு, என்னைய விடு. ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு. கல்லப் படிக்கணுமா? படி. நான் வேணாங்கல"ன்னேன். இது மனசாரச் சொன்னதுக்கா, என் தலமேல அடிச்சுச் சொல்றேன்.

"எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியலம்மா. முன்னாடி தெரிஞ்சுது. இப்பத் தேடிப் பாத்தா ஒண்ணும் இல்ல." வச்சுட்டா.

அந்தக் காலேஜு இனிக் கூப்பிடவாக்கா போகுது? இந்தா, பஸ் ஏறுனதுல இருந்து இந்தப் போன வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். திங்கக்கிழமைக்கு ரெண்டு நாளு இருக்கு. ரெண்டு தடவ நம்பரப் போட்டேன், ரெண்டு தடவயும் மணி அடிக்குமுன்னாடி வச்சுட்டேன். என்ன சொல்ல? போடுன்னு சொல்லவா, போடாதன்னு சொல்லவா? ரெண்டுல எதச் சொன்னாலும் செஞ்சுருவா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சரிம்மான்னுருவா. சரிம்மாங்குற அந்த வார்த்தையக் கேட்டா எம்புட்டுச் சந்தோசப்படுவேன் தெரியுமா முன்னாடியெல்லாம்?

செவப்புன்னு சொல்லிரலாமான்னு பாக்கேன். "பூசாரி தப்பாப் பாத்துட்டாரு, செவப்புதான் வந்துச்சு, வெளிய வந்துரு தாயி"ன்னு. வந்த செவப்ப அன்னிக்கு மறைச்சேன். வராத செவப்ப இன்னிக்குச் சொல்லணும். சாமி குத்தம் வந்தா எனக்கே வரட்டும், அதக்கூட நான் பாக்கலக்கா.

ஆனா அதச் சொன்னாலும் அவ எத்தனாவது தடவன்னுதானக்கா கேப்பா?